அப்பா நிறுத்திய மாத்திரையும் வைபரில் வந்த வீடியோவும்

கேள்வி:

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு, பர்மாவில் பெகுவிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பாவுக்கு 62 வயது. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதி. தினமும் மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தார். ஐந்து வாரத்துக்கு முன் கோயில் கமிட்டி வைபர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. இந்த மாத்திரையை அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள், புற்றுநோய் வரும், கிட்னி போய்விடும் என்று ஒருவர் தமிழில் பேசுகிறார். அதையே டிக்டாக்கில் ஒரு பெண் பர்மிய மொழியில் சொல்கிறார். ஃபேஸ்புக்கிலும் அப்பா பார்த்துவிட்டார். "மூணு இடத்துல மூணு பேர் சொல்றாங்க, பொய்யாவா இருக்கும்?" என்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ பொடியைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். நான் வாயைத் திறந்தால் சண்டைதான். வீடியோவைக் குழுவில் போட்டவர் கமிட்டிச் செயலாளர், எங்களுக்குப் பெரியப்பா முறை, நல்ல மனுஷர். அவரிடம் எப்படிப் போய்ச் சொல்வது? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் பெரிய நிலநடுக்கம் வரும் என்று ஒரு சோதிடர் பேசிய டிக்டாக் வீடியோவை நானே இருபது பேருக்கு அனுப்பினேன். அப்பாவுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பதில்:

அன்பு மகளுக்கு,

வீடியோவைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் அப்பாவின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். இந்த வாரத்துக்குள் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றையும் எடுத்துவிடுங்கள். அதற்குள்ளேயே அடங்காத தாகம், ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிப்பது, சட்டை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு எடை இறங்குவது, வாந்தி, வேகமாக மூச்சு வாங்குவது, கூப்பிட்டால் பதில் சொல்லாத அசதி இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

"நிறுத்தி அஞ்சு வாரமாச்சு, எனக்கு என்ன ஆச்சு?" என்று அப்பா நிச்சயம் கேட்டிருப்பார். எல்லாரும் கேட்கிற கேள்விதான். சர்க்கரை ஏறும்போது வலிக்காது. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் தின்றுகொண்டிருக்கும், ஆள் பாட்டுக்குக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருப்பார். வீடியோக்காரர் சொன்னது பலித்துவிட்டது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். எச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை. ஐந்து வாரத்தில் அது முழுக்க ஏறியிருக்காது. எண் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்று வந்தால் அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

சரி, இனி வீடியோ.

நீங்கள் அனுப்பியது ஐம்பது விநாடிகூட முழுதாக இல்லை. ஓர் ஓரத்தில் பூப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அந்தப் பூதான் என்னை உறுத்தியது. டிக்டாக்கிலிருந்து ஒரு வீடியோவை இறக்கினால் அந்தத் தளத்தின் சின்னமும் போட்டவரின் கணக்குப் பெயரும் சேர்ந்தே வரும். யாரோ அதைப் பூ வைத்து மூடியிருக்கிறார்கள். இங்கே தடையைத் தாண்ட வி.பி.என். செயலி போட்டு ஒரு பக்கம் திறப்பதற்குள் கரண்ட் போய்விடும் என்பதால், சென்னையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அனுப்பினேன். வீடியோவை நடுவில் நிறுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டான். அப்புறம் அவர் பேசிய ஒரு வரியை அப்படியே யூடியூபில் தட்டித் தேடினான். அரை மணி நேரத்தில் வேர் கிடைத்துவிட்டது.

வேர் என்னவென்றால், 2020 மே 28ஆம் தேதி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட ஓர் அறிவிப்பு. சில கம்பெனிகள் தயாரித்த, வயிற்றில் மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினில், என்டிஎம்ஏ என்கிற வேண்டாத பொருள் அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக இருந்தது. நீண்ட காலம் உடம்பில் சேர்ந்தால் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடிய பொருள் அது. அந்தக் கம்பெனிகள் அந்தச் சரக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். மருந்தைத் தடை செய்யவில்லை. சாதாரணமாக உடனே கரையும் மாத்திரையில் அந்தக் கோளாறு தென்படவில்லை என்றும், டாக்டரைக் கேட்காமல் நோயாளிகள் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் அதே அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

இதை எடுத்துத்தான் ஒரு தமிழ் யூடியூபர் பதினோரு நிமிட வீடியோ போட்டிருக்கிறார். லட்சக்கணக்கில் ஃபாலோயர் உள்ளவர், பெயர் நமக்கு வேண்டாம். ஏன் பதினோரு நிமிடம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எட்டு நிமிடத்தைத் தாண்டினால்தான் யூடியூபில் வீடியோவின் நடுவிலும் விளம்பரம் வைக்க முடியும். அதனால் ரெண்டு நிமிட விஷயத்தை இழுக்கிறார்கள், இழுப்பதற்குப் பயத்தைவிட நல்ல கயிறு கிடையாது. ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதாவது நிமிடத்தில் அவர் "எதுவானாலும் உங்க டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்று சொல்கிறார். வீடியோவுக்குக் கீழே ஒரு சர்க்கரைப் பொடிக்கான வாட்ஸ்அப் எண்ணும் விலையும் இருக்கின்றன. அதாவது கடை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் இருக்கிறது.

பிறகு அவரே, அல்லது அவருடைய ஆட்கள், அதிலிருந்து ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு ஒன்றை வெட்டி ஃபேஸ்புக்கில் ரீல்ஸாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது நிமிடம் அதில் இல்லை. 2020 என்ற வருஷமும் இல்லை. அங்கிருந்து ஒரு பர்மியப் பக்கம் அதை எடுத்து, கம்ப்யூட்டர் குரலில் மொழிமாற்றி டிக்டாக்கில் போட்டது. அப்பா பார்த்த "பெண்" உண்மையில் பெண்ணே இல்லை, இயந்திரக் குரல். இன்னொருவர் தமிழ்த் துண்டையே டிக்டாக்கில் ஏற்ற, அதை யாரோ இறக்கிப் பூ ஒட்டி வைபரில் விட்டிருக்கிறார்கள். அப்பா சொல்கிற மூன்று பேரும் ஒரே ஆள்தான். மூன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வீடியோ எதையோ உதிர்த்துவிட்டு வருகிறது. முதல் தாவலில் தேதி போயிற்று, எச்சரிக்கை வரி போயிற்று. அடுத்ததில் சொன்னவரின் பெயர் போயிற்று. யூடியூபில் கீழே இரண்டு மருந்தாளுநர்கள் வந்து 'இது தவறு' என்று பொறுமையாக எழுதியிருந்தார்கள், அந்தக் கமெண்டுகளும் வழியில் உதிர்ந்துவிட்டன. கடைசியில் வைபருக்கு வந்து சேரும்போது அந்தக் கடையே மறைந்துவிட்டது, பொடியின் விலையோ போன் எண்ணோ ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு முகமும் ஒரு பயமும்தான்.

அதனால்தான் உங்கள் பெரியப்பா அதை அனுப்பும்போது அது இன்னும் வலுவாகிறது. "அவருக்கு இதுல என்ன லாபம்?" என்று அப்பா கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஒரு லாபமும் இல்லை. யாரோ ஒருவரின் வியாபாரம், நாலு கை மாறி, ஒரு நல்ல மனுஷரின் கையிலிருந்து கோயில் பிரசாதம் மாதிரி வந்து சேர்கிறது. பெரிய இன்ஃப்ளூயன்சர் நேரடியாகச் சொல்லியிருந்தால் அப்பா இவ்வளவு நம்பியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். தெரிந்தவர் அனுப்பினார் என்பதுதான் முத்திரை.

வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி போடுவார்கள், 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடியோவை போனில் இறக்கி மறுபடி ஏற்றினால் அது புதுப் பிள்ளையாகப் பிறந்துவிடுகிறது. அம்பும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது. நம் ஊரில் இது இன்னும் மோசம். 2021 பிப்ரவரியில் தடை வந்ததிலிருந்து ஃபேஸ்புக் நேராகத் திறப்பதில்லை. மூலப் பக்கத்துக்குப் போய்ப் பார்ப்பது பெரும்பாடு. வெட்டி எடுத்த துண்டு மட்டும் வைபரிலும் டெலிகிராமிலும் சுலபமாக வந்து விழுகிறது. பொய்க்கு இருக்கிற வசதி அதைத் திருத்துகிறவருக்கு இல்லை.

இந்தப் பழக்கம் நமக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். 2014 வரை ஒரு சிம் கார்டு வாங்குவதே வசதிக்காரர்கள் காரியமாக இருந்தது. அந்த வருஷம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 சாட் (பர்மியப் பணம்) விலைக்கு சிம் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர், இமெயில் என்று படிப்படியாக எதையும் பார்க்காமல் ஒரே வருஷத்தில் நாம் எல்லாரும் ஃபேஸ்புக்குக்குள் குடியேறிவிட்டோம். பத்திரிகை எது, பக்கத்து வீட்டுப் பேச்சு எது என்று பிரித்துப் பார்க்கப் பழகவே இல்லை. அதே 2014 ஜூலையில் மாண்டலேயில் முஸ்லிம் டீக்கடைக்காரர்கள் மீது ஒரு பாலியல் குற்றச்சாட்டு இணையத்தில் கிளம்பியது. நிறையப் பேர் பின்தொடர்ந்த ஒரு பிக்குவின் பக்கம் அதை எடுத்துப் பரப்பியது. கலவரத்தில் ஒரு முஸ்லிமும் ஒரு பௌத்தரும் செத்துப்போனார்கள். குற்றச்சாட்டே புனைந்தது என்று பிறகு போலீஸ் சொன்னது. 2018 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் 13 பக்கங்களை மூடியது. அழகுக் குறிப்பு, சினிமா, பொழுதுபோக்கு என்ற பெயரில் நடந்த பக்கங்கள், சுமார் 13.5 லட்சம் பேர் பின்தொடர்ந்தவை. அவற்றுக்கும் ராணுவத்துக்கும் தொடர்பு இருந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. முகப்பூச்சுக் குறிப்பு சொல்லி ஆளைச் சேர்த்துவிட்டு, சேர்ந்த பிறகு வேறு பேச்சுப் பேசலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பாட்டு, சமையல், நகைச்சுவை என்று பார்த்துப் பார்த்து ஒரு முகம் பழகிவிடுகிறது. பழகிய முகம் மருந்தைப் பற்றிப் பேசினாலும் சொந்தக்காரர் சொல்வது போலக் கேட்டுக்கொள்கிறோம்.

அதற்காக இவர்கள் எல்லாரும் தெரிந்தே பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். யுனெஸ்கோ 2024இல் 45 நாடுகளில் இப்படி இணையத்தில் பதிவு போடுகிற 500 பேரிடம் விசாரித்தது. 62 சதவீதம் பேர், பகிர்வதற்கு முன் ஒரு தகவலை முறையாகச் சரிபார்ப்பதில்லை என்று தெரியவந்தது. எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, எத்தனை லைக், எத்தனை வியூ என்று பார்த்து முடிவு செய்வதாகப் பத்தில் நாலு பேர் சொன்னார்களாம். உங்கள் அப்பா செய்ததும் அதேதான், அவரிடம் கேமரா இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். ஆனால் பணம் கலந்த இடத்தில் நான் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன். இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் மருத்துவப் பரிசோதனைகளைப் பற்றி வந்த 982 பதிவுகளை ஆராய்ந்து 2025இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 87 சதவீதம் நன்மையைச் சொன்னவை. கெடுதல் இருக்கலாம் என்று சொன்னவை 15 சதவீதம்தான். போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதில் பண லாபம் உள்ளவர்கள்.

அந்த யூடியூபர் சொன்னதில் கிட்னி விஷயத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன், அப்பாவுக்கு உண்மையான பயம் அதுவாகத்தான் இருக்கும். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால், அந்த மருந்து உடம்பை விட்டுச் சரியாக வெளியேறாது. அதனால் நாங்கள் அளவைக் குறைப்போம், ரொம்பவும் பலவீனமானால் நிறுத்திவிடுவோம். இதைப் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? 'கிட்னி போனவங்க எல்லாம் இந்த மாத்திரை சாப்பிட்டவங்க, டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டார்.' காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டால் போதும், ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகத்தைக் கெடுத்தது கட்டுக்குள் இல்லாத சர்க்கரை. இப்போது ஐந்து வாரமாக உங்கள் வீட்டில் நடப்பதும் அதுவே.

'கெமிக்கல்' என்று அவர் பயமுறுத்துவதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியை அந்தக் காலத்தில் சர்க்கரை அறிகுறிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருக்கும் பொருளை ஆராய்ந்து வந்த வழியில் பிறந்ததுதான் மெட்ஃபார்மின். 1957இல் பிரான்சில் ஒரு மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். அதாவது மூலிகையிலிருந்து வந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, என்ன இருக்கிறதென்று எழுதாத மூலிகைப் பொடியை அப்பா குடித்துக்கொண்டிருக்கிறார்.

இனி உங்கள் நிலநடுக்க வீடியோ. அதை நீங்கள் ஒரு பாவம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

2025 மார்ச் 28 மத்தியானம் 7.7 அளவில் பூமி ஆடியது. மாண்டலே, சகாயிங், நேபிடோ எல்லாம் சிதைந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஏப்ரல் 9ஆம் தேதி டிக்டாக்கில் ஒரு சோதிடர், ஏப்ரல் 21 அன்று நாட்டின் எல்லா ஊரையும் நிலநடுக்கம் தாக்கும், உயரமான கட்டடத்தில் இருக்காதீர்கள் என்றார். முப்பது லட்சம் முறைக்கு மேல் பார்த்தார்கள். ரங்கூனிலேயே வீட்டுக்குள் இருக்கப் பயந்து வெளியே தங்கியவர்கள் உண்டு. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, பீதி கிளப்பியதாக அவரைக் கைதுசெய்தார்கள். அவரைப் பிடித்ததில் வீடியோ நின்றுவிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அது முன்பே ஆயிரம் போனுக்குள் குடியேறியிருந்தது, அதில் உங்களுடையது ஒன்று.

அந்த இடத்தில் நானாக இருந்தாலும் மனம் ஆடியிருக்கும். நிலநடுக்கம் கிளம்பும் அந்தச் சகாயிங் பிளவு, பூமிக்குள் இருக்கும் நீண்ட விரிசல், வடக்கே மட்டும் ஓடவில்லை, தெற்கே உங்கள் பெகுப் பக்கமும் வருகிறது. 1930 மே 5 ராத்திரி பெகுவில் வந்த நிலநடுக்கத்தில் ஷ்வேமோடோ பகோடா இடிந்து விழுந்தது, சுமார் 500 பேர் இறந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பயப்பட நியாயம் இருந்தது, அந்த நியாயமான பயத்தின் மேல்தான் அவர் தேதியை எழுதி ஒட்டினார். பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டே இருக்கும், அதனால் யார் எந்தத் தேதியைச் சொன்னாலும் ஏதோ ஒன்று ஆடத்தான் செய்யும். இன்ன நாள், இன்ன இடம், இன்ன அளவு என்று முன்கூட்டிச் சொல்ல உலகில் எந்த விஞ்ஞானிக்கும் இதுவரை முடிந்ததில்லை. என் வீட்டுச் சுவரிலும் பஞ்சாங்கம் தொங்குகிறது, நான் அதைப் பழிக்கவில்லை. அதில் ராகுகாலம் இருக்கிறது, ரிக்டர் அளவு இல்லை.

நானும் அனுப்பியிருக்கிறேன் மகளே. 2021 ஜூலையில் ரங்கூனில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசை நின்ற நாட்கள் நினைவிருக்கும். இன்ன இடத்தில் நிரப்பித் தருகிறார்கள் என்று ஒரு போன் எண்ணோடு செய்தி வந்தது. படித்தவள், டாக்டர், யோசிக்காமல் நாற்பது ஐம்பது பேருக்கு அனுப்பினேன். அந்தச் செய்தி எழுதப்பட்ட அன்றைக்கு உண்மைதான். என்னிடம் வந்தபோது ஆறு நாள் பழசு, அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தது. அதில் தேதி இல்லை. நான் அனுப்பியதை நம்பி ஒரு பையன் தன் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுக் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினான். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தேதி இல்லாத எதையும் நான் அனுப்புவதில்லை. எனக்கு இருக்கிற ஒரே விதி அதுதான், பெரிய விதியெல்லாம் என்னால் கடைப்பிடிக்க முடியாது.

அதனால் யோக்கியதை பற்றிக் கவலைப்படாதீர்கள். அப்பாவிடம் பேச உங்களிடம் இருக்கிற நல்ல சரக்கே உங்கள் நிலநடுக்க வீடியோதான். "நானும் ஏமாந்தேன்ப்பா" என்று மகள் சொன்னால் கேட்கிற காது, "நீங்க ஏமாந்துட்டீங்க" என்று சொன்னால் மூடிக்கொள்ளும்.

ஆனால் அதையும் முதலில் சொல்ல வேண்டாம். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த மாத்திரை உங்களுக்கு என்னப்பா தொந்தரவு கொடுத்துச்சு?" ஒன்பது வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டவர் ஒரு நிமிட வீடியோவைப் பார்த்து நிறுத்துகிறார் என்றால், நிறுத்த வேண்டும் என்று மனம் ஏற்கெனவே ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், வாயில் இரும்பு ருசி தட்டும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போன இடத்தில் கழிவறை தேடி அலைவது 62 வயசு மனுஷருக்கு அவமானம், அதை மகளிடம் சொல்லவும் மாட்டார். அல்லது விலையாக இருக்கலாம். மருந்துக்கடையில் மாதத்துக்கு மாதம் விலை ஏறுவதை நான் பார்க்கிறேன். வீட்டுச் செலவைக் குறைக்க அப்பாக்கள் முதலில் கைவைப்பது தங்கள் மாத்திரையில்தான். காரணம் வயிறு என்றால் சாப்பாட்டோடு சாப்பிடுவது, அளவை மாற்றுவது என்று வழி இருக்கிறது. காரணம் பணம் என்றால் அதற்கும் வழி பார்க்கலாம். காரணம் தெரியாமல் வீடியோவோடு மட்டும் சண்டை போட்டால், இந்த வீடியோ போய் அடுத்த வீடியோ வரும்.

கஷாயத்தை நிறுத்து என்று இப்போதே பிடிவாதம் பிடிக்காதீர்கள். பொடிப் பொட்டலத்தை மட்டும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். இப்படி விற்கிற பொடிகளில் ஆங்கில மருந்தையே ரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். சர்க்கரையைச் சட்டென்று குறைக்கிற பொருள் உள்ளே இருந்து, மேலே வேறு மாத்திரையும் சேர்ந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழும் ஆபத்து உண்டு. இன்னொன்று, மனம் மாறிவிட்டார் என்ற சந்தோஷத்தில் பழைய அளவு மாத்திரையை அவரே எடுத்து விழுங்க விடாதீர்கள். ஐந்து வார இடைவெளிக்குப் பிறகு முழு அளவை ஒரேயடியாகத் தொடங்கினால் வயிறு கலக்கும், "பார்த்தியா, அவன் சொன்னது சரி" என்பார். பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் எங்கிருந்து தொடங்கச் சொல்கிறாரோ அங்கிருந்து தொடங்கட்டும்.

பெரியப்பாவிடம் குழுவில் எதுவும் எழுத வேண்டாம். நாற்பது பேர் பார்க்க ஒரு பெரியவரைத் திருத்தினால் அவர் வீடியோவுக்காக இல்லை, தன் மரியாதைக்காகச் சண்டைபோடுவார். ஒரு சாயங்காலம் நேரில் போங்கள். அப்பா மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லுங்கள், அது அவருக்குத் தெரிந்திருக்காது. தன் ஃபார்வர்டினால் ஒருத்தர் மருந்தை நிறுத்தினார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு நான் இந்தக் கடிதத்தோடு அனுப்பும் இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டையும் காட்டுங்கள். ஒன்றில் யூடியூப் பக்கமும் பொடி விலையும் இருக்கின்றன. மற்றதில் 2020 அறிவிப்பு இருக்கிறது, தமிழில் நாலு வரியில் சுருக்கம் எழுதியிருக்கிறேன். விலையைப் பார்த்தால் போதும், அவர் வியாபாரம் பார்த்த மனுஷர், புரிந்துகொள்வார். அப்புறம் குழுவில் அவரே போடட்டும்: "போன மாதம் நான் போட்ட சர்க்கரை மாத்திரை வீடியோ 2020ஆம் வருஷத்துச் செய்தி, சில கம்பெனிகளின் சரக்கைப் பற்றியது, மாத்திரையைத் தடை செய்யவில்லை. யாரும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்." அந்தக் குழுவில் வேறு யாரெல்லாம் சர்க்கரைக்காரர்கள், எத்தனை பேர் சத்தமில்லாமல் நிறுத்தினார்கள் என்று நமக்குத் தெரியாது. அதனால் வீடியோவை நீக்குவது மட்டும் போதாது, எந்தக் குழுவில் வந்ததோ அதே குழுவில் இந்த வரி வர வேண்டும். நீங்களும் உங்கள் இருபது பேருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம்.

உங்கள் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒரு வீடியோவைக் கொடுத்து, இது எங்கே பிறந்தது, வழியில் எதைத் தொலைத்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். என் அக்கா மகன் அரை மணியில் முடித்ததை அவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். இணையம் கிடைக்காத நாளில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பினால் போதும், யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அப்பாவின் பழைய மாத்திரை அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் படம் எடுத்து அதோடு சேர்த்து அனுப்புங்கள். 500 மில்லிகிராமா 850ஆ, உடனே கரைவதா மெதுவாகக் கரைவதா என்று அதில்தான் இருக்கும். கிரியாட்டினின் எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள்.